வீடு வாங்குமுன்: சகோதரியின் கையொப்பம் எங்கே?

சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்பதற்காகவே வளைகுடா நாடுகளின் வெயிலில் இருபது ஆண்டுகள் உழைத்தவர்கள் நம் சமுதாயத்தில் ஏராளம். கணவனின் சேமிப்பும் மனைவியின் நகைகளும் ஒன்றுசேர்ந்தே பெரும்பாலும் ஒரு கிரயப் பத்திரமாக மாறுகின்றன. அத்தகைய பணத்தைக் கொடுக்குமுன், பூர்வீக வீட்டை விற்பவரிடம் நீங்கள் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "உங்களுடன் பிறந்த பெண்மக்கள் எத்தனை பேர்? அவர்கள் கையொப்பமிடுவார்களா?"

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். வாப்பா மவுத்தாகிவிட்டார். அவருடைய பெற்றோர் முன்பே மறைந்துவிட்டனர். உம்மா, இரண்டு ஆண்மக்கள், வேறூரில் மணமுடித்துக் கொடுக்கப்பட்ட ஒரு மகள் ஆகியோர் இருக்கின்றனர். ஆண்மக்கள் இருவரும் வீட்டை விற்க முன்வருகின்றனர். பட்டா மூத்தவர் பெயரில் இருக்கிறது. வில்லங்கச் சான்றிதழில் குறை எதுவும் தென்படவில்லை. "தங்கச்சிக்கு அப்போதே நகை போட்டு, சீர் செய்து அனுப்பிவிட்டோம், அவள் ஒன்றும் கேட்கமாட்டாள்" என்கிறார்கள். நீங்களும் நம்பிப் பதிவு செய்துவிடுகிறீர்கள். உண்மையில் நீங்கள் வாங்கியது எவ்வளவு?

நாற்பதில் இருபத்தெட்டு!

1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தின்படி, நம்மவரின் வாரிசுரிமை இஸ்லாமியச் சட்டத்தைக் கொண்டே முடிவு செய்யப்படுகிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்கள் வகுத்தபடி, கடன்களும் வஸிய்யத்தும் நிறைவேற்றப்பட்ட பின், மக்களுள்ள நிலையில் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. எஞ்சியதில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்னும் விகிதம். வீட்டை நாற்பது பங்காகக் கொண்டால், உம்மாவுக்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. ஆகவே, மகன்கள் இருவர் மட்டும் எழுதிக் கொடுத்த பத்திரத்தால் உங்களுக்கு வந்தது 28 பங்குகளே. மீதி 12 பங்குகள் உம்மாவிடமும் சகோதரியிடமும் அப்படியே இருக்கின்றன.

தனக்கில்லாத உரிமையைப் பிறருக்கு விற்க எவராலும் இயலாது. தகப்பன் மவுத்தான கணத்திலேயே ஒவ்வொரு வாரிசின் பங்கும் அவரவர்க்கு உரித்தாகிவிடுகிறது. அதற்குத் தனிப் பத்திரம் தேவையில்லை. ஆதலால் வில்லங்கச் சான்றிதழில் அது தெரிவதுமில்லை. பட்டா வருவாய்த்துறை ஆவணமேயன்றி, உரிமை மூலம் அன்று. வாப்பா உயிரோடிருக்கையில் போட்ட நகையும் சீரும் பெண்ணின் வாரிசுப் பங்கைத் தாமாக அழித்துவிடுவதில்லை.

பின்னர் அச்சகோதரியோ, அவர் காலமானால் அவருடைய கணவரும் மக்களுமோ, பாகப்பிரிவினை வழக்குத் தொடரலாம். "பன்னிரண்டு ஆண்டுகளாக அண்ணன்தானே அனுபவித்தார்" என்னும் வாதம் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. கூட்டுரிமையாளர் ஒருவரின் அனுபவம் மற்றவருக்கு எதிரானதாகத் தானே ஆகிவிடுவதில்லை. அவருடைய உரிமையை வெளிப்படையாக மறுத்து விலக்கியதை நிரூபிக்க வேண்டும். மேலும், குடும்பத்தார் வாழும் பிரிபடாத வீட்டில் பங்கு வாங்கிய அந்நியருக்கு, அவர்களுடன் கூட்டாக அனுபவிக்கும் உரிமையை 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு வழங்கவில்லை.

மைனர் பிள்ளைகளும் ஹிபாவும்

வாரிசுகளுள் பதினெட்டு வயது நிறையாதவர் இருந்தால் இன்னும் கவனம் தேவை. பிள்ளைகளை வளர்ப்பவர் உம்மாதான். எனினும் அவர்களுடைய அசையாச் சொத்தை விற்க அவருக்குத் தாமாக அதிகாரமில்லை. 1918இல் இலண்டன் பிரிவி கவுன்சில் இமாம்பந்தி வழக்கில் இதைத் தெளிவாக்கியது. 1890ஆம் ஆண்டின் கார்டியன் சட்டப்படி நீதிமன்றத்தில் நியமனமும் விற்பனைக்கு அனுமதியும் பெற வேண்டும்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்மக்களுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. வாய்மொழி ஹிபாவும் செல்லும். 2011இல் ஹஃபீஸா பீவி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஹிபா எழுத்தில் இருப்பதாலேயே அதைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதில்லை எனத் தீர்ப்பளித்தது. ஆனால் கொடுப்பதாக அறிவித்தல், ஏற்றல், அனுபவத்தை ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறியிருக்க வேண்டும். பதிவில்லாத ஹிபாவும் வில்லங்கச் சான்றிதழில் வராது. எனவே, வீட்டில் யார் குடியிருக்கிறார், எந்த உரிமையில் இருக்கிறார் என்று நேரில் சென்று கேளுங்கள்.

அச்சாரம் கொடுக்குமுன்

மூலப் பத்திரங்களின் அசலைப் பாருங்கள். நகல் மட்டுமே காட்டப்பட்டால், அசல் வங்கியில் அடமானமாக இருக்கக்கூடும். இறப்புச் சான்றிதழையும் வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழையும் கேளுங்கள். அதிலுள்ள பெயர்களை உறவினரிடமும் ஜமாஅத்தாரிடமும் விசாரித்து ஒப்பிடுங்கள். வாரிசுகள் அனைவரும் கிரயப் பத்திரத்தில் கையொப்பமிடட்டும். அல்லது பங்கை விட்டுக்கொடுப்பவர் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும். "எனக்கு வேண்டாம்" என்ற வாய்ச்சொல் வாங்குபவருக்குப் பாதுகாப்பாகாது. வெளிநாட்டிலிருக்கும் வாரிசின் சார்பில் அதிகாரப் பத்திரம் காட்டப்பட்டால், அதைக் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்று உறுதி செய்யுங்கள். அவர் மவுத்தானால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும். இவையனைத்தையும் சொத்து வழக்குகளில் அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பிறகே முன்பணம் கொடுங்கள். அவருக்குத் தரும் கட்டணம் வீண் செலவன்று.

இறுதியாக, விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கூச்சத்தாலோ, பிறந்தகத்து உறவு அறுந்துவிடுமோ என்னும் அச்சத்தாலோ மௌனமாக இருக்கும் சகோதரியின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளாதீர்கள். பெற்றோர் விட்டுச் சென்றதில், அது சிறிதாயினும் பெரிதாயினும், பெண்ணுக்கும் பங்கை விதித்தவன் அல்லாஹ். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொள்வது குறித்து நபி (ஸல்) அவர்கள் விடுத்த கடும் எச்சரிக்கையை நாம் அறிவோம். அவளுடைய பங்கின் விலையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கையொப்பம் கேளுங்கள். வாங்குபவர் அச்சமின்றிக் குடியேறுவார். உங்கள் பணத்திலும் இன்ஷா அல்லாஹ் பரக்கத் இருக்கும்.