உங்களுக்குத் தெரியுமா? லூசியின் படம் மங்காத ரகசியம்

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க டிவி நிகழ்ச்சிகள் பல நியூயார்க்கிலிருந்து நேரலையாக ஒளிபரப்பாயின. தொலைவிலுள்ள ஊர்களுக்கு, டிவி திரையில் ஓடுவதையே ஃபிலிம் கேமராவால் படமெடுத்து அனுப்புவார்கள். 'கினஸ்கோப்' எனப்பட்ட அந்தப் பிரதியில் முகங்கள்கூட மங்கலாகத்தான் தெரியும்.

1951 அக்டோபரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஐ லவ் லூசி' நகைச்சுவைத் தொடர் வேறு வழியில் போனது. ஹாலிவுட்டை விட்டு நகர விரும்பாத லூசில் பாலும் அவர் கணவர் டெசி அர்னாஸும் மூன்று 35 மி.மீ. ஃபிலிம் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, பார்வையாளர்கள் முன்னிலையில் நடித்தார்கள்.

மூன்று கோணத்துக்கும் ஒரே வெளிச்சம் பொருந்த வேண்டுமே! அந்தச் சிக்கலைத் தீர்த்தவர், 'மெட்ரோபொலிஸ்' (1927) படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவரான கார்ல் ஃபிராய்ண்ட். விளக்குகளில் பெரும்பாலானவற்றை உயரே தொங்கவிட்டு, அரங்கு முழுக்கச் சீரான ஒளியைப் பரப்பினார்.

ஃபிலிமுக்குச் செலவு அதிகம். தம்பதியர் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்கு நிகழ்ச்சியின் உரிமையைத் தங்கள் 'டெசிலு' நிறுவனத்துக்குக் கேட்டு வாங்கினார்கள்.

ஃபிலிமில் பதிவானதால்தான், அதன் முதல் சீசன் 2014-ல் ப்ளூ-ரே வட்டாகத் துல்லியமாக வெளிவர முடிந்தது.