மாடல் டி எஞ்சினுக்கு வாட்டர் பம்ப் மாட்டலாமா?

ஃபோர்டு மாடல் டி-யின் பானட்டை முதல் தடவை திறந்து பார்க்கிறவர் கொஞ்ச நேரம் எதையோ தேடுவார். ரேடியேட்டர் இருக்கு, ஃபேன் இருக்கு, மேலே ஒரு ஹோஸ், கீழே ஒரு ஹோஸ். பம்ப் மட்டும் காணோம். யாரோ கழற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 1908-ல் வண்டி வெளிவந்தபோது முதல் 2,500 சொச்சம் வண்டிகளில்தான் பம்ப் இருந்தது. அப்புறம் அது போயே போச்சு. 1927-ல் உற்பத்தி நிற்பதற்குள் வந்த ஒன்றரைக் கோடி வண்டிகளில் மிச்சம் எல்லாமே பம்ப் இல்லாமல்தான் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தன.

ஆனால் இந்த வண்டிக்கென்று தனியாக பம்ப் செய்து விற்கும் வியாபாரம் அமெரிக்காவில் அந்தக் காலத்திலேயே இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. வண்டி கொதிக்குதா, பம்பை மாட்டு என்பது ஒரு கட்சி. அதைத் தொடவே கூடாது என்பது எதிர்க்கட்சி. நான் பாதி எதிர்க்கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

பம்ப் இல்லாமல் தண்ணீர் எப்படிச் சுற்றுகிறது? மொட்டை மாடி சோலார் ஹீட்டரில் நடப்பதேதான். சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே போகும், குளிர்ந்தது கீழே இறங்கும். இதற்குப் பெயர் தெர்மோசைபன். எஞ்சினில் சூடான நீர் ஹெட்டின் முன்பக்கம் வழியாக ரேடியேட்டரின் மேல் தொட்டிக்கு ஏறும். ஆறியபடி கீழே இறங்கி, பிளாக்கின் இடது பக்கத்தில் இருக்கும் வாய் வழியாகத் திரும்ப உள்ளே போகும்.

இந்த ஓட்டத்தைத் தள்ளுகிற சக்தி எவ்வளவு தெரியுமா? ஒரு லிட்டர் தண்ணீர் 60 டிகிரியில் சுமார் 983 கிராம், 90 டிகிரியில் 965 கிராம். அரை மீட்டர் உயரத்துக்குக் கணக்குப் போட்டால் கிடைக்கிற அழுத்தம் 9 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்தான். ஒரு விரல் தடிமன்கூட இல்லை! அதனால்தான் குழாய்கள் எல்லாம் அவ்வளவு பெருசு. அதனால்தான், தண்ணீர் மட்டம் மேல் ஹோஸின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் ஓட்டம் அப்படியே நின்றுபோகும். இதில் ஒரு அழகும் உண்டு: எஞ்சின் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் சுற்றும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது பம்ப் கட்சியின் நியாயம். மேல் தொட்டி 95 டிகிரி, கீழே 65 என்று வைத்துக்கொண்டால் ரேடியேட்டரின் சராசரி 80. பம்ப் மாட்டி வேகமாகச் சுற்றினால் கீழ்ப்பக்கம் 87-க்கு ஏறும், சராசரி 91 ஆகும். வெளிக்காற்று 35 டிகிரி என்றால் வித்தியாசம் 45-லிருந்து 56. அதாவது அதே ரேடியேட்டர் ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாக வெப்பத்தை வெளியே தள்ளும். இது நிஜமான லாபம்தான். நீளமான மலை ஏற்றத்துக்கும், கம்ப்ரஷன் கூட்டிய ஹெட் போட்ட எஞ்சினுக்கும் உதவும். டென்வர் மாதிரி 1,600 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்கேயும்தான். 20 குதிரைத்திறன் மாடல் டி-க்குப் பிறகு 40 குதிரைத்திறனில் மாடல் ஏ வந்தபோது ஃபோர்டே பம்ப் வைத்தார்கள்.

ஆனால் சமவெளியில் சாதாரணமாக ஓடும்போதே வண்டி கொதித்தால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் ரேடியேட்டரில். பழைய ரேடியேட்டரில் தகடுகளைக் குழாயோடு பிடித்து வைத்திருக்கும் ஈயப் பற்று விட்டுப்போயிருக்கும். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், தகட்டை விரலால் மெல்ல நகர்த்திப் பாருங்க, ஆடும். குழாயிலிருந்து தகட்டுக்குச் சூடே போகாத இடத்தில் பம்ப் என்ன செய்யும்? குழாய்கள் அடைத்திருந்தால் இன்னும் மோசம். பம்ப் தள்ளுகிற வேகத்துக்குத் தண்ணீர் கீழே இறங்க முடியாமல் மேல் தொட்டி நிரம்பி, ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக ரோட்டில் கொட்டும். பம்ப் மாட்டிய பிறகு தண்ணீர் குறைகிறது என்றால் லீக் தேடுவதற்கு முன் இதைப் பாருங்க. ஸ்பார்க் நெம்புகோலை ரிடார்டிலேயே வைத்து ஓட்டுவது, கார்புரேட்டர் கலவையில் பெட்ரோல் குறைவது, ஃபேன் பெல்ட் வழுக்குவது, இவை எல்லாமே கொதிக்க வைக்கும்.

இவ்வளவும் பார்த்தாச்சு, பம்ப் வேணும்தான் என்றால், வேலை பெரிதில்லை. எஞ்சின் ஆறிய பிறகு தண்ணீரை வடித்து, பிளாக்கின் பக்கவாட்டு வாயைக் கழற்றினால் அந்த இடத்தில் பம்ப் உட்காரும். கழற்றின கையோடு ஓஸ் பைப் வைத்து பிளாக்கின் உள்ளே நன்றாக அலசி விடுங்க. பின் சிலிண்டர் பக்கம் துருச்சேறு படிந்திருக்கும், அதை எடுக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. கேஸ்கட் முகத்தைச் சுரண்டிச் சுத்தமாக்கி, புது கேஸ்கட் வைத்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கணும்.

கவனம் தேவைப்படுவது பெல்ட்டில். நீளமான பெல்ட் ஒன்று கிராங்க் புல்லி, ஃபேன், பம்ப் மூன்றையும் சுற்றி வரும். மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் தட்டைப் பெல்ட் நழுவிப் போய்விடும். ஒரு நேரான சட்டத்தை வைத்துச் சரிபாருங்க. நழுவுதே என்று முறுக்கி இறுக்கினால் ஃபேன் புஷ்ஷும் பம்ப் புஷ்ஷும் சேர்ந்து தேயும். பழைய வகைப் பம்பில் தண்ட்டைச் சுற்றி கிராஃபைட் பேக்கிங் கயிறு இருக்கும். அதையும் நெரிக்கக் கூடாது, எப்போதாவது ஒரு சொட்டு விழுந்தால் விழட்டும்.

மாற்று பெல்ட் ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்க. பம்ப் இல்லாத வண்டியில் பெல்ட் அறுந்தால் ஃபேன் மட்டும்தான் நிற்கும், தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். பம்ப் மாட்டின பிறகு, நின்றுபோன இம்பெல்லர் வழியில் குறுக்கே உட்கார்ந்திருக்கும். அந்த 9 மில்லிமீட்டர் அழுத்தத்துக்கு அதைத் தாண்டிப் போவது கஷ்டம். அப்போது மெதுவாக ஓட்டி வீடு போய்ச் சேரலாம் என்று நினைக்காமல் ஓரமாக நிறுத்திவிடுங்க.