மிளகுப் பொதியும் மென்பொருட் பொதியும்

கொச்சங்காடியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொதி என்னும் சொல்லுக்குப் பொருள் கூற வேண்டுவதில்லை. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் ஏலமும் பொதி பொதியாய் ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அச்சொல்லையே இப்பொழுது நம் பிள்ளைகள் வேறொரு பொருளில் வழங்குகின்றனர். கணினிக்கு வேண்டிய நிரல்களை ஒன்றாகக் கட்டி, பெயரும் பதிப்பெண்ணும் இட்டு, உடன் வேண்டிய துணைகள் இன்னின்னவை என்று சீட்டும் எழுதி வைத்த கட்டுக்கு மென்பொருட் பொதி என்று பெயர். சென்ற திங்கள், அத்தகைய பொதி ஒன்றைப் பேணி வரும் இளைஞர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன் அவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டமையால் இங்கே குறிக்கவில்லை.

பகலில் அவர் பணி புரிவது ஒரு சிறு தொழிலகத்தில். கிடங்குகளில் காற்றின் ஈரத்தை அளந்து காட்டும் கருவி அங்கே செய்யப்படுகிறது. மிளகில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும்; ஆகவே வணிகர்க்கு அக்கருவி கண்போன்றது. அதன் உள்ளே உள்ளங்கையில் அடங்கும் சிறு கணினி ஒன்று இருக்கிறது. அதில் இயங்குவது லினக்ஸ். 1991 ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடங்கிய அதே லினக்ஸ்தான் இன்று நம் வீட்டு இணையப் பெட்டிகள் பலவற்றிலும் தொலைக்காட்சிகள் பலவற்றிலும் குடியிருக்கிறது.

அக்கருவிகளுள் ஒன்று ஒரு நோய் கண்டது. பத்து நாள் ஒழுங்காய் அளக்கும். பதினோராம் நாள் வாய்மூடி நின்றுவிடும். மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தால் மறுபடியும் பத்து நாள். வணிகர் பொறுமை இழந்தார். முதலாளி இளைஞரைக் கிடங்கிற்கு அனுப்பினார்.

கருவிக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. உள்ளே இருக்கும் நினைவகமோ சிறிது. நோயைக் கண்டறியும் பெருங்கருவிகளை அதில் ஏற்ற இடமில்லை. இதற்கு அறிஞர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1986 ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிடிபி என்னும் வழுநீக்கிக்குச் சிறிய துணை நிரல் ஒன்று உண்டு. ஜிடிபி-சர்வர் எனப்படும் அத்துணை மட்டும் கருவிக்குள் இருக்கும். பெரிய பகுதி மடிக்கணினியில் இருக்கும். இரண்டையும் ஒரு கம்பி இணைக்கும். நோயாளி கட்டிலில் கிடக்க, மருத்துவர் அடுத்த அறையிலிருந்து நாடி பார்ப்பது போன்றது இது.

எஸ்ட்ரேஸ் என்பது மற்றொரு கருவி. ஒரு நிரல் லினக்ஸின் கருவை நோக்கி என்னென்ன கேட்கிறது, என்ன விடை பெறுகிறது என்பதை வரி வரியாய் எழுதிக் காட்டும். முதலில் அதைத்தான் இளைஞர் ஓட்டினார். “திறந்த கோப்புகள் மிகுந்துவிட்டன” என்று விடை வந்தது. நிரல் கால்மணிக்கு ஒருமுறை அளவெடுக்கும்போது ஒரு கோப்பைத் திறக்கிறது, மூடுவதில்லை. வழக்கமான வரம்பு 1024. நாளொன்றுக்கு 96 ஆகப் பதினோராம் நாள் வரம்பு நிரம்புகிறது. கணக்கு ஒத்தது!

ஆனால் எந்த வரியில் மூடாமல் விட்டார்கள்? இங்கேதான் தொல்லை. இடத்தை மிச்சப்படுத்துவதற்காகக் கருவிக்குள் ஏற்றும் நிரலிலிருந்து வரி எண்களையும் பெயர்களையும் உரித்தெடுத்து, தனிப் பொதியாய் வேறிடத்தில் வைப்பது வழக்கம். கருவியில் உள்ள நிரலும் அப்பொதியும் ஒரே முறையில் கட்டிய இரட்டைப் பிள்ளைகளாய் இருத்தல் வேண்டும். இரண்டிலும் நாற்பது எழுத்து நீளமுள்ள ஒரே அடையாளக் குறி பொறிக்கப்பட்டிருக்கும். தொழிலகத்தில் எவரோ நிரலை மீண்டும் கட்டி, பழைய பொதியை அழித்துவிட்டிருந்தார். வழுநீக்கி காட்டிய வரிகளோ தொடர்பில்லாதவை. இரண்டு இரவுகள் வீணாயின. பழைய வட்டு ஒன்றின் மூலையில் உரிய பொதி அகப்பட்டபின், ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. திருத்தம் ஒரே வரி.

அந்த இரண்டு இரவுகளே அவரைப் பொதி பேணும் தொண்டிற்குக் கொண்டுவந்தன என்றார். கருவி இல்லாமையால் அவர் தடுமாறவில்லை. கருவியைப் பேணுவார் இல்லாமையால் தடுமாறினார்.

பேணுதல் என்பது என்ன வேலை? மூல நிரலை எழுதியவர் எங்கோ இருப்பார். அவர் புதிய பதிப்பு வெளியிட்டவுடன் பேணுபவர் அதை எடுத்து, இடையில் எவரும் கைவைக்கவில்லை என்பதற்குரிய சரிபார்ப்பு எண்ணை ஒத்துப் பார்க்க வேண்டும். முன்பு போட்ட ஒட்டுகள் இன்னமும் வேண்டுமா என்று ஒவ்வொன்றாய் ஆராய வேண்டும். ஆர்ம், எக்ஸ்86, ரிஸ்க்-ஃபைவ் எனச் செயலி வகை ஒவ்வொன்றுக்கும் கட்டிச் சோதிக்க வேண்டும். ஜிலிப்சி என்னும் பெரிய நூலகத்தோடு இசைந்து போவது, சிறு கருவிகள் விரும்பும் மசல் என்னும் நூலகத்தோடு முரண்டு பிடிக்கும். அதையும் தீர்க்க வேண்டும். இவை அனைத்தும் நன்றாய் நடந்தால் எவர்க்கும் ஒன்றும் தெரியாது. தவறினால் மட்டுமே பேணுபவரின் பெயர் நினைவுக்கு வரும்!

உள்ளடங்கிய கணினிகளுக்கான இத்தகைய செய்முறைக் குறிப்புகளைத் திரட்டி வைத்திருப்பது யோக்டோ திட்டம். 2010 ஆம் ஆண்டில் லினக்ஸ் பவுண்டேஷன் அதை அறிவித்தது. ஒவ்வொரு குறிப்பிற்கும் பொறுப்பாளர் இன்னார் என்ற பட்டியல் அங்கே உண்டு. ஜிடிபி, ஜிசிசி, பின்யூட்டில்ஸ் ஆகிய முதன்மைக் கருவிகளுக்கு நேரே கேம் ராஜ் என்னும் பெயர் பல ஆண்டுகளாய் நின்று வருகிறது. உலகெங்கும் எத்தனையோ கருவிகள் ஒரு சிலரின் தோளில் இருப்பதை எண்ணினால் நமக்குச் சற்றே அச்சம் உண்டாகிறது. காலக் கணக்கும் கவலை தருவதே. 2020 ஏப்ரலில் வெளிவந்த டன்ஃபெல் என்னும் நெடுங்காலப் பதிப்பு, நான்காண்டு பேணப்பட்டு 2024 ஏப்ரலில் ஓய்ந்தது. கிடங்குச் சுவரில் மாட்டிய கருவியோ பத்தாண்டு தொங்கும்.

இதே தொண்டைப் பெரிய அளவில் செய்யும் டெபியன் என்னும் அமைப்பினர் 2023 செப்டம்பர் 10 முதல் 17 வரை நம் கொச்சியிலேயே, காக்கநாட்டில், தம் ஆண்டு மாநாட்டைக் கூட்டினர். 35 நாடுகளிலிருந்து 474 பேர் வந்திருந்தனர். இந்தியாவில் அம்மாநாடு நடந்தது அதுவே முதன்முறை. நம் இளைஞரும் சென்றிருந்தார். பேணுவாரற்ற பொதியை அவர்கள் அநாதை என்றே குறிக்கின்றனர்; ஏற்பதைத் தத்தெடுத்தல் என்கின்றனர். அநாதைப் பட்டியலில் ஒரு சிறு வழுகாண் கருவி இருந்தது. அதையே இவர் தத்தெடுத்தார்.

இங்கே அவருடைய தாயார் குறுக்கிட்டார். “ஊதியமும் இல்லை, உறக்கமும் இல்லை. யாருக்காக ஐயா இது?” என்று நம்மைக் கேட்டார். நாமும் முதலில் அம்மையாரின் பக்கமே நின்றோம். இளைஞர் 2024 ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றை எடுத்துரைத்தார்.

எக்ஸ்-இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் பொதி. அதை லாசே காலின் என்னும் ஒருவர் ஊதியமின்றித் தனியே சுமந்து களைத்திருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவ வந்தார். இரண்டாண்டுக்கு மேல் நல்ல வேலை செய்து, நம்பிக்கை பெற்று, பொறுப்பும் பெற்றார். பின்னர்ப் புதிய பதிப்பினுள் கள்ளக் கதவு ஒன்றை மறைத்து வைத்தார். ஆண்டிரஸ் ஃபிராயண்ட் என்னும் பொறியாளர், தம் கணினியில் நுழைவது ஏறத்தாழ அரை நொடி தாமதிப்பதைக் கவனித்தார். நினைவகத் தவறுகளைக் காட்டும் வால்கிரைண்டு என்னும் கருவி முன்பு முறையிட்டதும் அவர் நினைவுக்கு வந்தது. தோண்டிப் பார்த்து, மார்ச் 29 அன்று உலகிற்கு அறிவித்தார். கள்வன் நுழைந்தது களைத்த ஒருவரின் வாயில் வழியே. பிடிபட்டது பிறர் பேணி வைத்த கருவிகளின் துணையால். அம்மையார் இதைக் கேட்டு, “அப்படியானால் அந்தக் களைத்தவருக்கு எவராவது சோறு போட்டிருக்க வேண்டும்” என்றார். நாம் கேட்டவற்றுள் தெளிவான கருத்து அதுவே. பொதிகளால் ஈட்டும் தொழிலகங்கள் பேணுபவரின் நேரத்திற்கு விலை தருவதே முறை. நம் இளைஞரின் முதலாளி இப்பொழுது வாரத்தில் அரை நாளை அதற்கென ஒதுக்கியிருக்கிறார் என்று அறிந்து மகிழ்ந்தோம்.

தமிழ்நாட்டுச் செய்தி ஒன்றும் பேச்சில் வந்தது. சென்னை ஐஐடியில் உருவான சக்தி செயலியில் 2018 ஆம் ஆண்டிலேயே லினக்ஸ் இயங்கியது. அது ரிஸ்க்-ஃபைவ் வகையைச் சேர்ந்தது. ஆனால் வால்கிரைண்டின் முறையான வெளியீட்டில் அவ்வகைக்கு இடம் கிடைத்தது 2025 இல்தான். குழந்தை பிறந்து ஏழாண்டு கழித்து மருத்துவர் வந்த கதை இது. சக்தியைப் பற்றிப் பெருமை பேசும் நம்மவர் இதையும் அறிந்திருத்தல் நலம்.

விடைபெறும்போது மழை பிடித்துக்கொண்டது. இளைஞரின் திரையில் ஒரு மறுமொழி வந்திருந்தது. மசல் நூலகத்திற்காக அவர் அனுப்பிய ஒட்டில் இரண்டு வரிகளை மாற்றி அனுப்புமாறு அயல்நாட்டு அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். “சோறு ஆறுகிறது தம்பி” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “இரண்டே வரி அம்மா” என்றார் அவர்.