மூடிய ஏட்டிலிருந்து கணக்கு எடுத்தல்

கூட்டுறவுச் சங்கத்தின் நாணயம் அதன் கணக்கிலே இருக்கிறது. நெய்தவருக்கு உரிய கூலியும், விளைவித்தவருக்கு உரிய விலையும் குறித்த நாளில் குறையாமல் சேர்ந்தால்தான் சங்கம் தன் பெயருக்கு ஏற்றதாகும். இன்று அக்கணக்குகள் பெரும்பாலும் கணினியில், எக்செல் முதலிய விரிதாள்களில் எழுதப்படுகின்றன. கூலி விகிதம் ஒரு கோப்பிலும், மாதாந்தரப் பட்டுவாடா வேறொரு கோப்பிலுமாக இருப்பது வழக்கம். பட்டுவாடாக் கோப்பு மட்டும் திறந்திருக்க, மூடியிருக்கும் விகிதக் கோப்பிலிருந்து தொகையை எடுப்பது எவ்வாறு என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

இப்பிரச்சினை நம் பகுதிக்குப் புதியதன்று. நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் ஒன்றைக் கொண்ட இளையாத்தங்குடி முதலிய செட்டிநாட்டு ஊர்களை நினைத்துப் பார்ப்போம். பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடந்த நாளில், பேரேடு கடல் கடந்த கடையில் இருந்தது. முதலாளி ஊரில் இருந்தார். ஏஜெண்டு அனுப்பிய ஐந்தொகையைக் கொண்டே அவர் நிலைமையை அறிந்தார். ஐந்தொகை காட்டுவது அது எழுதப்பட்ட நாளின் நிலைமையை. கைக்கு வந்து சேர்ந்த நாளின் நிலைமையை அன்று. மூடிய கோப்பிலிருந்து வரும் தொகையும் அத்தகையதே. இதை மனத்தில் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

முதலில் நேர்முறையைக் காண்போம். விகிதக் கோப்பின் இருப்பிடம், பெயர், தாள் ஆகியவற்றை வாய்பாட்டிலேயே முழுமையாக எழுதி, ‘வி-லுக்கப்’ என்னும் தேடும் சார்பைப் பயன்படுத்தினால், அக்கோப்பு மூடியிருந்தாலும் விடை கிடைக்கும். அதன் நான்காம் இடத்தில் ‘ஃபால்ஸ்’ என்று எழுதுவது அவசியம். இல்லையேல் சரியான எண் அகப்படாதபோது அடுத்துள்ள எண்ணின் விகிதத்தை எடுத்துத் தந்துவிடும். எக்செல் முன்பு எடுத்த தொகைகளைத் தன்னகத்தே நகலாக வைத்திருக்கும். கோப்பைத் திறக்கும்போது இணைப்புகளைப் புதுப்பிக்கலாமா என்று அது கேட்கும். வேண்டாம் என்று விட்டுவிட்டால் பழைய நகலே நிற்கும். பிழை என்று எந்த அறிகுறியும் தோன்றாது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலைக்கு, ஒரு சங்கம் நெசவுக் கூலியில் 60 ரூபாய் உயர்த்தியது எனக் கொள்வோம். புதிய விகிதம் விகிதக் கோப்பில் ஏறிவிட்டது. பட்டுவாடாக் கோப்போ பழைய நகலைக் காட்டுகிறது. மாதம் 12 சேலை நெய்பவருக்கு 720 ரூபாய் குறைந்துபோகும். கூட்டல் சரியாக இருப்பதால் தணிக்கையிலும் அது எளிதில் புலப்படாது.

இனி, மாதத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்திருக்கும் சங்கங்களின் சங்கடத்தைக் கூறுவோம். கோப்பின் பெயர் மாதந்தோறும் மாறும். பெயரை ஒரு கட்டத்தில் எழுதி, அதைக் கொண்டு தேட ‘இண்டைரக்ட்’ என்னும் சார்பு உதவும். ஆனால் அது திறந்த கோப்பில் மட்டுமே வேலை செய்யும். மூடிய கோப்பாயின் ‘ரெஃப்’ என்ற பிழையைக் காட்டும். நிபந்தனையோடு கூட்டும் ‘சம்-இஃப்’ சார்பும் மூடிய கோப்பில் பயன்படாது. அவ்விடத்தில் ‘சம்-புராடக்ட்’ சார்பைக் கொள்ளலாம்.

ஆகவே பலர் வி.பி.ஏ. மொழியில் தாமே ஒரு சார்பு எழுதிக்கொள்ள முனைகிறார்கள். கோப்பைத் திறந்து, தொகையை எடுத்து, மூடிவிடும்படி எழுதுவதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி. அது பலிக்காது. கட்டத்திலிருந்து அழைக்கப்படும் சார்பு அந்தக் கட்டத்துக்கு விடை தரலாமே அன்றி, வேறு கோப்பைத் திறத்தல் போன்ற காரியங்களைச் செய்ய எக்செல் இடம் கொடாது. இத்தடையைக் கடக்க இரு வழிகள் உண்டு.

ஒன்று, திரைக்குப் பின்னால் இரண்டாவது எக்செலைத் தோற்றுவித்து, அதைக் கொண்டு தொகையை எடுக்கச் செய்வது. ஹார்லன் குரோவ் எழுதிய ‘புல்’ என்னும் சார்பு இம்முறையில் அமைந்தது. இது பலன் தரும், ஆனால் மெதுவானது. இருநூறு கட்டங்களில் எழுதினால் அவ்வேலை இருநூறு முறை நடக்கும்.

மற்றொன்று, ஏ.டி.ஓ. என்னும் இணைப்பின் வழியாக, மூடிய கோப்பை ஒரு தரவுத்தளம்போல் படிப்பது. இது விரைவானது, எனினும் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. திறக்கும் கடவுச்சொல் இட்ட கோப்பை இவ்வழியில் படிக்க இயலாது. பக்கத்து மேசையில் ஒருவர் திருத்திச் சேமிக்காமல் வைத்திருக்கும் மாற்றம் இதற்குத் தெரியாது. இவற்றினும் முக்கியமானது, ஒரு பத்தியில் இருப்பது எண்ணா எழுத்தா என்பதை இம்முறை வழக்கமாக முதல் 8 வரிசைகளைப் பார்த்தே முடிவு செய்கிறது என்பது. அவற்றில் 114, 115 என்று எண்களே இருந்து, கீழே ‘115-அ’ என்று ஓர் அங்கத்தினர் இருப்பாராயின், அவர் எண் வெறுமையாகப் படிக்கப்படும். அவர் பட்டியலில் இல்லாதவர் ஆகிவிடுவார். எனவே அங்கத்தினர் எண்களை எல்லாம் எழுத்து வடிவிலேயே பதிவது நலம்.

எவ்வழியில் எழுதினாலும், நாமே எழுதிய சார்பு தனக்குத் தரப்பட்ட உள்ளீடு மாறினால்தான் மறுபடி கணக்கிடும். மூடிய கோப்பில் விகிதம் மாறியதை அது தானாக உணராது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்9 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் எல்லாக் கட்டங்களும் புதிதாகக் கணக்கிடப்படும்.

எங்கள் யோசனை இதுவே: ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே மூடிய கோப்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் விகிதங்கள் அனைத்தும் ஒரே முறையில் பட்டுவாடாக் கோப்பின் தனித் தாளுக்கு வந்து சேருமாறு ஒரு மேக்ரோ எழுதிக்கொள்ளலாம். கோப்பைத் திறக்கக் கூடாது என்னும் தடை மேக்ரோவுக்கு இல்லை. 2016-ஆம் ஆண்டு எக்செல் முதல் உள்ளமைந்து வரும் ‘பவர் குவெரி’யும் இவ்வேலையைச் செய்யும். பிறகு அத்தாளிலிருந்து சாதாரண ‘வி-லுக்கப்’ கொண்டே தேடிக்கொள்ளலாம்.

அத்தாளின் தலைப்பில், விகிதம் எடுக்கப்பட்ட நாளும் மணியும் பதியப்பட வேண்டும். கூலிச் சீட்டிலும் அந்நாளை அச்சிட்டால், எந்த விகிதப்படி தமக்குக் கூலி கணக்கிடப்பட்டது என்பதை நெசவாளரே சரிபார்க்கலாம். காரியதரிசிகள் பட்டுவாடாவுக்கு முன் தொகையைப் பார்ப்பதற்கு முன்பாகத் தேதியைப் பார்ப்பார்களாக. உழைத்தவரின் கூலி பழைய நகலால் குறையாதிருக்க அச்சிறு பழக்கமே காவலாகும்.