காரின் அடியில் ஒரு தேன்கூடு

சாயக்கழிவு நீரால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைத் திருப்பூர்வாசிகளாகிய நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் நாம் மறக்கவில்லை. கழிவைச் சுத்திகரித்தே வெளியே விட வேண்டும் என்பது அன்று நாம் கற்ற பாடம். பெட்ரோல் காரின் அடியிலும் அத்தகைய சுத்திகரிப்பு நிலையம் ஒன்று உண்டு என்பதைச் சென்ற ஆண்டு வரை நான் அறியேன்.

என் மாமா வாடகைக் கார் ஓட்டுகிறார். வண்டியில் இழுவை குறைந்துவிட்டது. ஒரு பட்டறையில், "சைலன்சருக்கு முன்னால் இருக்கிற தேன்கூட்டை உடைத்து எடுத்துவிட்டால் வண்டி பறக்கும், மைலேஜும் கூடும்" என்றார்களாம். "நீதான் கெமிஸ்ட்ரி படிக்கிறியே கண்ணு, எடுத்துப் போடலாமா?" என்று மாமா என்னைக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. ஆயினும் பதில் தெரியாமல் விழித்தேன். அதன்பின் நூலகத்திலும் பேராசிரியரிடமும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

பெட்ரோல் முழுமையாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகும். எஞ்சினில் அது முழுமையாக எரிவதில்லை. ஆகவே கார்பன் மோனாக்சைடும், எரியாத ஹைட்ரோகார்பன்களும் வெளிவருகின்றன. எஞ்சினின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. கார்பன் மோனாக்சைடு, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கிறது. மற்ற இரண்டும் வெயிலில் வினைபுரிந்து, நுரையீரலைத் தாக்கும் ஓசோனைத் தோற்றுவிக்கின்றன.

மாமா சொன்ன தேன்கூட்டின் பெயர் வினையூக்கி மாற்றி. நுண்ணிய துளைகள் நிறைந்த பீங்கானில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். முதலிரு மாசுகளுக்கு ஆக்சிஜனைக் கொடுக்க வேண்டும். மூன்றாவதிடமிருந்து ஆக்சிஜனைப் பறிக்க வேண்டும். கொடுப்பதும் பறிப்பதும் ஒரே பெட்டிக்குள் எப்படி நடக்கும்? எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவில் கலவை இருந்தால் இரண்டும் நடக்கும். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணர்கருவி அளந்து சொல்ல, அதற்கேற்பப் பெட்ரோல் தெளிக்கப்படுகிறது. நன்கு சூடேறிய மாற்றி, மாசில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அகற்றிவிடும். சுமார் 300 டிகிரி செல்சியசை எட்டும் வரை அது சரிவர வேலை செய்யாது. ஆகவே காலையில் வண்டியைக் கிளப்பிய முதல் சில நிமிடங்களின் புகையே மிகக் கெட்டது.

இந்த உலோகங்களுக்குக் காரீயம் நஞ்சு. எஞ்சின் தட்டாமல் இருக்க முன்பு பெட்ரோலில் காரீயச் சேர்மம் கலக்கப்பட்டது. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானபோது, காரீயமற்ற பெட்ரோலும் அங்கு வந்தது. 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் காரீயப் பெட்ரோல் நின்றது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்தபோது, பெட்ரோலில் கந்தகத்தின் உச்ச அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. எரிபொருள் தூய்மையானால்தான் புகை தூய்மையாகும்.

மாமாவின் வண்டிக்கு வருவோம். வேறொரு பட்டறையில் பார்த்தபோது இக்னிஷன் காயில் பழுதடைந்திருந்தது. எரியாத பெட்ரோல் மாற்றிக்குள் சென்று எரிந்தால் அதன் பீங்கானே உருகி அடைத்துக்கொள்ளும். நல்ல வேளையாக அந்த நிலை வருமுன் காயிலை மாற்றிவிட்டார்கள். இழுவை திரும்பியது, தேன்கூடும் தப்பியது.

அதை உடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? புகைச் சான்றிதழுக்கான சோதனையில் பெட்ரோல் காரின் நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதில்லை. அந்த நஞ்சு எந்தக் காகிதத்திலும் ஏறாமல், சாலையோரம் பேருந்துக்கு நிற்பவர்களின் மூச்சில் ஏறியிருக்கும். வினையூக்கி மாற்றி கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது என்பதும் உண்மையே. அதற்குப் பெட்ரோலைக் குறைவாக எரிப்பதே வழி. ஆயினும் கையில் இருக்கும் காவலைக் களைந்தெறிவது அறிவுடைமை ஆகாது. நண்பர்களே, உங்கள் வீட்டில் எவரேனும் தேன்கூட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டால், "முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள்" என்று சொல்லுங்கள். ஆற்றுக்குக் கற்ற பாடம் காற்றுக்கும் பொருந்தும்.