மலைப்பாதையில் மோட்டார் – 7
பெரிய இன்ஜின் போட்டால் போதுமா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலேறினால் வெள்ளிமலைச் சாலை. டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் காரில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனவர்களுக்கு அந்த ஏற்றம் மறக்காது. வளைவில் மூன்றாவது கியர் இழுக்காது, இரண்டுக்கு இறக்க வேண்டும். அப்படியும் திணறினால் ஏ.சி.யை அணைப்போம். கல்வராயன் மலையின் உயரம் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி குறையும் என்பது பொதுக்கணக்கு. கீழே 85 குதிரைத்திறன் தந்த இன்ஜினில் உச்சிக்குப் போகும்போது ஏழு காணாமல் போயிருக்கும். பெட்ரோல் குறையவில்லை, அதை எரிக்கக் காற்று போதவில்லை.

இதற்கு மருந்து டர்போ. ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சின்னச் சக்கரங்கள். சைலன்சருக்குப் போகிற சூடான புகை ஒன்றைச் சுழற்றும். மற்றது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, சிலிண்டருக்குள் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும் அந்தத் தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம்தான். மலையேறி வந்த சூட்டோடு சட்டென்று சாவியைத் திருப்பி அணைத்தால், உள்ளே நிற்கும் ஆயில் கருகிக் கரியாகப் படியும். ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைக்கச் சொல்வது அதனால்தான். இன்னொரு தொல்லை, அழுத்தினால் காற்று சூடாகும். சூடான காற்று போனால் பெட்ரோல் நேரம் தவறிப் பற்றிக்கொண்டு பிஸ்டனை அடிக்கும். ஆகவே நடுவில் ஓர் இன்டர்கூலர் வேண்டும்.

சின்ன காரில் இன்ஜினை மாற்றி டர்போ வைக்கும் வேலையை நம் ஊரில் முறைப்படி செய்து காட்டியது கோவை. அந்த ஊருக்கு இது புதிதல்ல. எஸ்.கரிவரதன் 1980-களின் கடைசியில் மாருதி 800 இன்ஜினை ஒற்றை இருக்கை ரேஸ் காரில் வைத்து 'ஃபார்முலா மாருதி'யை உருவாக்கினார். அடுத்து, ரேஸ் ஓட்டிய ஜெ.ஆனந்தின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ். 2006 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் நின்ற டாடா இண்டிகா சில்லுவெட் அவர்கள் கைவேலை. குடும்ப இண்டிகாவுக்குள் 3.5 லிட்டர் வி6 இன்ஜின்! விற்பனைக்கு வரவில்லை. வந்திருந்தால் யார் ஓட்டியிருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

விற்பனைக்கு வந்தது 2018 அக்டோபரில், டாடாவும் ஜெயமும் கூட்டாகச் செய்த டியாகோ ஜேடிபி. சாதா டியாகோவின் 1.2 லிட்டர் இன்ஜின் 85 குதிரைத்திறன், 114 நியூட்டன் மீட்டர் இழுவை. அதன் இடத்தில் டாடாவின் நெக்ஸான் கார் வழி வந்த 1.2 லிட்டர் டர்போ: 114 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர். நான் இதில் ரசிப்பது அந்த 150-ஐத்தான். நெக்ஸானில் அதே இன்ஜினுக்கு 170. இங்கே வேண்டுமென்றே குறைத்தார்கள். சின்ன காரின் கியர் பாக்ஸ் தாங்க வேண்டுமே! இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு விடவில்லை. கியர் விகிதத்தை மாற்றினார்கள், சஸ்பென்ஷனை இறுக்கித் தாழ்த்தினார்கள், 15 அங்குலச் சக்கரத்தில் அகல டயர் போட்டார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபோது இந்தக் கார் சந்தையில் இல்லை.

இதையே ஊர் பட்டறையில் செய்யலாமா என்று கேட்டுப் பலர் எழுதுகிறார்கள். இன்ஜினை இறக்கி வேறொன்றை ஏற்ற நல்ல மெக்கானிக்குக் கை வரும். மவுண்டிங்கை வெல்டு வைத்துவிடலாம். கிளட்ச் பிளேட், ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப், இன்ஜினை இயக்கும் கணினியான இசியு, வயரிங் என்று நீளும் பட்டியலில்தான் பணமும் பொறுமையும் கரையும். பிரேக்கை எல்லோரும் கடைசியில் நினைக்கிறார்கள். வெள்ளிமலைக்கு ஏறும்போது டர்போ உதவும், இறங்கும்போது உதவாது. கூடுதல் வேகத்தோடு வளைவுக்கு வளைவு மிதித்தால் பிரேக் சூடாகிப் பிடிப்பு குறையும். என்னைக் கேட்டால் செலவைப் பிரேக்கிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆசை அடங்கவில்லை என்றால் பழைய ஜேடிபி ஒன்றைத் தேடுங்கள். கம்பெனியே போட்ட டர்போ என்பதால் ஆர்.சி. புக்கில் சிக்கல் இல்லை. வாங்கும் முன் ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அந்த வண்டி வேண்டாம்.

(தொடரும்)