விளையாட்டணியில் மூத்தோரும் இளையோரும்

பழஞ்சொல் வழக்கொழிவதும் புதுச்சொல் வழக்கேறுவதும் குற்றமாகா என்று நன்னூலாசிரியராகிய பவணந்தி முனிவர் மொழிக்கு விதி வகுத்தார். மொழிக்குப் பொருந்தும் இவ்விதி விளையாட்டணிக்கும் பொருந்தும். எத்துணைப் புகழ் பெற்ற வீரனாயினும் ஒருநாள் அவன் கால்கள் தளரும். கண்ணும் கையும் முன்போல் ஒத்தியங்கா. அவனுடைய இடத்தை இளையோன் ஒருவன் பெறுதல் இயற்கையேயாம். ஆகவே, மூத்தோர் விலகவேண்டுமா என்பது வினாவன்று. எவ்வாறு விலகவேண்டும், அவரை விலக்குபவர் யார், அவ்வாறு விலக்கியவர் யாருக்கு விடைகூறக் கடமைப்பட்டவர் என்பனவே வினாக்கள். உதைபந்தாட்டக் கழகமொன்றின் உரிமையாளருக்கும் ஒரு நாட்டின் தெரிவுக் குழுவினருக்கும் இவ்வினாக்கள் ஒரே தன்மையன அல்ல. இலங்கைத் துடுப்பாட்ட அணி 1999ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் கண்ட இரு மாற்றங்கள் இவ்வேறுபாட்டை நன்கு புலப்படுத்துவன.

உரிமையாளரின் நிலை முதற்கண் நோக்கற்பாலது. இலண்டன் மாநகரிலுள்ள செல்சி உதைபந்தாட்டக் கழகத்தை, அமெரிக்கரான டொட் போலி என்பவரும் கிளியர்லேக் என்னும் முதலீட்டு நிறுவனமும் முன்னின்ற கூட்டினர் 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் 250 கோடிப் பவுண் கொடுத்து வாங்கினர். அதன்பின் மூன்று ஒப்பந்தப் பருவங்களில் ஏறத்தாழ 100 கோடிப் பவுண் செலவிட்டு, இளைய வீரர் பலரை நெடுங்கால ஒப்பந்தங்களில் சேர்த்தனர். அணித்தலைவர் அஸ்பிலிகுவெட்டா, நடுக்கள வீரர் கான்டே முதலிய மூத்தோர் 2023இல் கழகத்தை விட்டு நீங்கினர். இம்மாற்றங்களின் நடுவே 2022–23 பருவத்தில் அக்கழகம் 12ஆம் இடத்துக்கு இறங்கியது. ஆயினும் 2024–25 பருவத்தில் 4ஆம் இடத்தை எய்தி, 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கழகங்களுக்கான உலகக் கிண்ணத்தையும் வென்றது. உரிமையாளர் தம் பொருளை இட்டார். பிழை செய்தபோது அதன் இழப்பையும் தாமே ஏற்றார். ஒருவன் பயன்படாதவிடத்து மற்றொருவனை விலைக்குப் பெற்றார். பொறுத்திருக்கும் காலத்தையும் அவருடைய பணமே அவருக்கு வாங்கிக் கொடுத்தது எனலாம்.

பணத்தினும் சிறந்த வழியொன்றும் உதைபந்தாட்ட வரலாற்றில் உண்டு. 1995ஆம் ஆண்டுக் கோடையில் மான்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தின் முகாமையாளர் அலெக்ஸ் பேர்குசன், இன்ஸ், ஹியூஸ், கன்செல்ஸ்கிஸ் ஆகிய மூவரையும் பிற கழகங்களுக்குப் போகவிட்டு, கழகத்தின் இளைஞர் அணியில் வளர்ந்த பெக்காம், ஸ்கோல்ஸ், பட், நெவில் உடன்பிறந்தார் ஆகியோருக்கு இடமளித்தார். பருவத்தின் முதலாட்டத்தில் அவ்வணி அஸ்டன் வில்லாவிடம் 3–1 எனத் தோற்றபோது, சிறுவரைக் கொண்டு வெற்றிபெறல் இயலாதென்று இகழ்ந்தோர் பலர். ஆயினும் 1996இல் அவ்வணி இங்கிலாந்தின் முதல்தர லீக் வெற்றியையும் எப்.ஏ. கிண்ணத்தையும் ஒருங்கே பெற்றது. இக்கதையைக் கூறுவோர் பலரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கோல்காப்பாளர் ஸ்மைக்கல், அணித்தலைவர் புரூஸ், பின்கள வீரர் பலிஸ்டர், முன்கள வீரர் கன்ரோனா ஆகிய முதிர்ந்தோர் அவ்வணியில் தொடர்ந்து இருந்தனர். மூவர் சென்றனர், ஆனால் முதுகெலும்பு எஞ்சி நின்றது.

இனி இலங்கையின் வரலாற்றுக்கு வருவோம். 1982ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை இங்கிலாந்துக்கு எதிராகக் கொழும்பில் ஆடியது. ஆடிய இடம், இந்நாட்டுத் துடுப்பாட்டச் சபையின் முதற் தலைவராயிருந்த பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரைத் தாங்கிய மைதானம். அப்போட்டியில் இலங்கைக்காக முதல் அரைச்சதத்தைப் பெற்றவர், ஆனந்தாக் கல்லூரியின் 18 வயது மாணவராகிய அர்ஜுன ரணதுங்க ஆவார். மூத்தோர் நடுவே இளையோனாக நின்று ஆட்டம் பயின்ற அவரே, 1996ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் லாகூரில் உலகக் கிண்ணத்தை ஏந்திய அணித்தலைவராகவும் விளங்கினார். அன்று அரவிந்த டி சில்வா ஆட்டமிழவாது 107 ஓட்டங்களும் மூன்று விக்கெட்டுக்களும் பெற்றமை யாவரும் அறிந்ததே.

மூன்று ஆண்டுகளின் பின் நிலை மாறியது. 1999ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிகழ்ந்த உலகக் கிண்ணப் போட்டியில் இலங்கை ஐந்து ஆட்டங்களுள் சிம்பாப்வே, கென்யா ஆகிய இரு அணிகளையே வென்றது. டோன்டன் நகரில் இந்தியா 373 ஓட்டங்களைக் குவிக்க, 157 ஓட்டங்களால் தோற்றது. முதற் சுற்றோடு நாடு திரும்பிய அணி கலைத்துக் கட்டப்பட்டது. தலைமை ரணதுங்கவிடமிருந்து சனத் ஜயசூரியவுக்கு மாறியது. அடுத்து வந்த ஒருநாள் போட்டித் தொடரில் ரணதுங்க, அரவிந்த, ரொஷான் மஹாநாம ஆகியோர் இடம்பெறவில்லை. அத்தொடரில் இந்தியாவையும் அவுஸ்திரேலியாவையும் எதிர்கொண்ட புதிய அணி, கொழும்பில் நிகழ்ந்த இறுதியாட்டத்தில் அவுஸ்திரேலியாவை வென்றது.

இவ்வெற்றியை இளமையின் வெற்றி என்று மட்டும் கொள்வது முழு உண்மையாகாது. புதிய தலைவருக்கு அப்போது வயது 30; அவரும் 1996ஆம் ஆண்டின் வெற்றியில் பங்குகொண்டவரே. முத்தையா முரளிதரனும் சமிந்த வாஸும் அவ்வாறே. மேலும், ஒருநாள் அணியில் விலக்கப்பட்ட ரணதுங்கவும் அரவிந்தவும் டெஸ்ட் அணியில் நீடித்தனர். 1999 செப்டெம்பரில் கண்டியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது, முதல் இன்னிங்சில் அரவிந்த எடுத்த 78 ஓட்டங்களே அணிக்குத் துணையாயின. 2000ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக ரணதுங்க ஆடிய இறுதித் தொடரிலேயே குமார் சங்கக்கார தம் டெஸ்ட் வாழ்வைத் தொடங்கினார். 2002இல் தம் இறுதி டெஸ்ட் இன்னிங்சில் அரவிந்த 206 ஓட்டங்களைப் பெற்றார். 2003ஆம் ஆண்டு உலகக் கிண்ண அரையிறுதி வரை அணியோடு சென்று பின்னரே ஓய்ந்தார். மாற்றம் கடுமையாகத் தொடங்கியது உண்மை. மஹாநாம அவ்வாண்டிலேயே விளையாட்டைத் துறந்ததும் உண்மை. எனினும் அறிந்தோர் அறியாதோரோடு ஓரிடத்தில் உடனுறையும் காலம் ஒன்று அவ்வணிக்கு வாய்த்தது.

2021ஆம் ஆண்டில் அக்காலம் வாய்க்கவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில், 2023 உலகக் கிண்ணத்துக்கு இளையோரை ஆயத்தம் செய்தல் வேண்டும் என்ற நோக்கோடு, ஒருநாள் அணியின் தலைமை திமுத் கருணாரத்னவிடமிருந்து குசல் பெரேராவுக்கு மாற்றப்பட்டது. கருணாரத்ன, அஞ்சலோ மத்தியூஸ், தினேஷ் சந்திமல் ஆகிய மூவரும் பங்களாதேஷ் சென்ற அணியில் இடம்பெறவில்லை. அத்தொடர் 2–1 எனத் தோல்வியாயிற்று. அடுத்த மாதத்தில் இங்கிலாந்துக்குச் சென்றவிடத்து, நோய்த்தொற்றுக் காப்பு விதிகளை மீறிய மூவர் திருப்பி அனுப்பப்பட்டு, பின்னர் ஓராண்டுத் தடைக்கும் உள்ளாயினர். ஜூலை மாதத்தில் தலைமை மீண்டும் கைமாறித் தசுன் சானக்கவை அடைந்தது.

புதிய அணி பயனேதும் தரவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. 2022 செப்டெம்பரில் துபாயில் நிகழ்ந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் 58 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுக்களை இழந்து நின்ற இலங்கை, 170 ஓட்டங்களைப் பெற்றுப் பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்றது. இளையோரின் அச்சமின்மைக்கு அஃதொரு சான்று. ஆயினும் அச்சமின்மை வேறு, இடர்வந்தவிடத்து நின்றாடும் பயிற்சி வேறு. 2023 செப்டெம்பரில் கொழும்பில் இந்தியாவிடம் 50 ஓட்டங்களுக்கும், நவம்பரில் மும்பாயில் அதே அணியிடம் 55 ஓட்டங்களுக்கும் இலங்கை சுருண்டது. எவ்வுலகக் கிண்ணத்தின் பொருட்டு மூத்தோர் விலக்கப்பட்டனரோ, அவ்வுலகக் கிண்ணத்துக்கே கருணாரத்ன மீள அழைக்கப்பட்டார். காயமுற்றவர் ஒருவருக்குப் பதிலாக மத்தியூசும் இடையில் வரவழைக்கப்பட்டார். ஒன்பது ஆட்டங்களில் இரண்டையே வென்று இலங்கை 9ஆம் இடத்தைப் பெற்றது.

இத்தோல்விக்கு விடைகூறக் கடமைப்பட்டவர் யார்? 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்படி தேசிய அணிகளுக்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். தெரிபவர் ஒருவர், ஒப்புதல் வழங்குபவர் ஒருவர், நிருவகிப்பவர் பிறிதொருவர். கழக உரிமையாளரைப் போலப் பிழையின் விலையைத் தம் பையிலிருந்து கொடுப்பவர் இவருள் எவருமிலர். 2023 நவம்பர் 6ஆம் நாள் அமைச்சர் துடுப்பாட்டச் சபையைக் கலைத்து, ரணதுங்கவின் தலைமையில் இடைக்காலக் குழுவொன்றை அமைத்தார். மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அரசின் தலையீட்டைக் காரணங்காட்டி, நவம்பர் 10ஆம் நாள் சர்வதேசத் துடுப்பாட்டப் பேரவை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. அதனால் 2024ஆம் ஆண்டில் இலங்கையில் நடைபெறவிருந்த 19 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணப் போட்டி தென்னாபிரிக்காவுக்கு மாற்றப்பட்டது. இளையோரின் பெயரால் மூத்தோர் விலக்கப்பட்டனர். பெரியோர் பிணக்கின் விலையையோ இளையோரே செலுத்தினர்.

நாட்டின் அணிக்கு வீரரை விலைக்கு வாங்கும் சந்தை இல்லை. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் வெள்ளவத்தைக் கடற்கரையிலும் கல்லூரி மைதானங்களிலும் ஆடும் சிறுவரிலிருந்தே அது வளர்தல் வேண்டும். அத்தகைய அணியில் மூத்த வீரன் ஓட்டம் பெறுபவன் மட்டுமல்லன், ஆசிரியனுமாவான். ஆடுகளத்தின் தன்மையை அறிதலும், தோல்வியின் விளிம்பில் மனம் கலங்காதிருத்தலும் ஏட்டில் எழுதிக் கொடுக்கத்தக்கன அல்ல. அருகில் நின்று கண்டே கற்கத்தக்கன. ஆகவே அவனை விலக்குமுன், அவனிடமிருந்து கற்றவர் உளரா என்று ஆராய்தல் தெரிவோரின் கடமை. வயதேட்டைப் புரட்டி அவர் அதனைத் தீர்மானித்தல் இயலாது. பழையது நீங்கிப் புதியது புகுதல் காலத்தால் நிகழ்வது என்றே பவணந்தியாரும் கண்டார். ஓர் ஆணையால் ஒரே நாளில் நிகழ்வது என்று அவர் கூறினாரல்லர்.